‘இன்னும் ஒரே ஒரு லெவல்!’ - இணைய விளையாட்டை விட முடியாதது ஏன்?

பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேப்பல்ஸ்டோரியில் காளான் அடித்த தலைமுறை ஒன்று சிங்கப்பூரில் உண்டு. தென்கொரியாவில் 2003இல் வெளியான அந்த விளையாட்டு 2005இல் சிங்கப்பூர், மலேசிய விளையாட்டாளர்களையும் எட்டியது. அன்று விளையாடிய மாணவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். சிலர் இன்னமும் விளையாடுகிறார்கள்!

படம் அழகு என்பதாலா? தட்டையான கார்ட்டூன்தானே! வேறு என்ன இருக்கிறது அதில்?

பெயரை மாத்தினா போதும்

முதல் சில லெவல்கள் சில நிமிடத்தில் முடிந்துவிடும். போகப் போக ஒரு லெவலுக்கே பல மணி நேரம் ஆகும். அதற்குள் கதாபாத்திரத்தில் நம் உழைப்பு சேர்ந்துவிடும். விட மனசு வராது.

வோர்ல்டு ஆஃப் வோர்கிராஃப்ட் 2004இல் வெளிவருமுன், நீண்ட நேரம் விளையாடினால் புள்ளி பாதியாகும் என்று ஒரு விதி சோதிக்கப்பட்டது. விளையாட்டாளர்கள் கொந்தளித்தார்கள். நிறுவனம் அதையே புரட்டிப் போட்டது: ஓய்வெடுத்துவிட்டு வந்தால் புள்ளி இருமடங்கு, பிறகு வழக்கமான அளவு. கணக்கு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் தண்டனை பரிசாகிவிட்டது!

கிடைக்குமா, கிடைக்காதா?

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் நம்மைத் திரும்பத் திரும்ப முயல வைக்கும். சூதாட்ட இயந்திரமும் இப்படித்தான் இயங்குகிறது. காசு நுழையும்போது விஷயம் சிக்கலாகிறது. மேப்பல்ஸ்டோரியில் ‘கியூப்’ வாங்கினால் ஆயுதத்தின் கூடுதல் ஆற்றல் குலுக்கல் முறையில் மாறும். தென்கொரியாவில் அந்த வாய்ப்பு விகிதத்தைச் சொல்லாமல் குறைத்ததற்காக நெக்சான் நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் 11.6 பில்லியன் வொன் அபராதம் விதிக்கப்பட்டது. சில ஆற்றல்கள் சேர்ந்து வர வாய்ப்பே இல்லை, பூஜ்யம்! அது தெரியாமல்தான் பலர் காசு போட்டார்கள்.

“நீ வரலன்னா எப்படி?”

இருந்தாலும் ஆட்களைப் பிடித்து வைப்பது பரிசு மட்டுமில்லை, கூட விளையாடும் நண்பர்கள். வோர்கிராஃப்டின் ஆரம்பக் காலத்தில் பெரிய எதிரியை வீழ்த்த 40 பேர் வரை ஒரே நேரத்தில் கூட வேண்டும். குணப்படுத்துபவர் வராவிட்டால் மொத்தக் குழுவும் காலி. அந்தப் பொறுப்பு சுகமாகவும் இருக்கும், சுமையாகவும் இருக்கும்.

நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் தசைச்சிதைவு நோயுடன் வாழ்ந்து, 2014இல் 25 வயதில் காலமானார். மகன் தனிமையில் இருந்ததாகப் பெற்றோர் நினைத்திருந்தார்கள். மரணச் செய்தியை இணையத்தில் போட்டதும், வோர்கிராஃப்டில் ‘இபெலின்’ என்று அவரை அறிந்தவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச்சடங்குக்கே வந்தார்கள்.

அப்போ எது பிரச்சினை?

உலகச் சுகாதார நிறுவனம் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. இத்தனை மணி நேரம் என்று அது வரம்பு போடவில்லை. நிறுத்த நினைத்தாலும் முடியாதது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாவது, படிப்போ வேலையோ உறவோ கெட்டும் தொடர்வது, பொதுவாக இது 12 மாதமாவது நீடிப்பது. இவற்றைத்தான் மருத்துவர்கள் பார்ப்பார்கள்.