ஒரு கூரையின்கீழ் இரண்டு தபாற்கந்தோர்



மின்னஞ்சல் என்றதும் கடல்கடந்து செல்லும் கடிதமே பலர்க்கும் நினைவில் எழும். ஆயினும், 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டொம்லின்சன் என்னும் பொறியியலாளர் வலையமைப்பின் வழியே அனுப்பிய முதலாவது மின்னஞ்சல், அருகருகே நின்ற இரு கணினிகளுக்கிடையே சென்றதேயாகும். இன்று நாம் ஆராயப் புகுவது அதனினும் குறுகிய பயணம். ஒரே கணினிக்குள் இயங்கும் இரண்டு அஞ்சற் சேவையகங்களுள் ஒன்று மற்றொன்றுக்குக் கடிதத்தைக் கையளிப்பது எவ்வாறு? தூரம் குறைவாதலால் வேலையும் எளிதென்று எண்ணற்க. கடிதம் காணாமற் போவதற்கு இக்குறுகிய வழியே போதுமானது.

இரண்டு சேவையகங்கள் எதற்கு என ஒருவர் வினவலாம். ஒரு கல்லூரியோ கந்தோரோ பழைய சேவையகத்தைக் கைவிட்டுப் புதியதற்கு மாறும்போது, எல்லாருடைய அஞ்சற்பெட்டிகளையும் ஓரிரவில் மாற்றிவிட முடிவதில்லை. சிலருடைய பெட்டி புதியதிலும், ஏனையோருடைய பெட்டி பழையதிலுமாகச் சில வாரங்கள் கழியும். முகவரியின் பின்பாதியோ எல்லார்க்கும் ஒன்றே. புதியது போஸ்ட்பிக்ஸ் என்றும் பழையது எக்சிம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களே.

முதற் சிக்கல் வாயிலைப் பற்றியது. சேவையகங்கள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றும் எஸ்.எம்.டி.பி. என்னும் முறையை 1982இல் ஜொன் பொஸ்டல் ஓர் ஆவணமாக வகுத்தார். அதற்குரிய வாயில் இலக்கம் 25. ஒரு முகவரியின் ஒரு வாயிலில் ஒரு சேவையகமே அமரலாம். ஆகவே, வெளியுலகை நோக்கிய 25ஆம் வாயிலில் போஸ்ட்பிக்ஸை அமர்த்தி, எக்சிமை 127.0.0.1 என்னும் உள்முகவரியில், 2525 போன்ற வேறொரு வாயிலில் அமர்த்துதல் வேண்டும். அவ்வுள்முகவரி கணினி தன்னைத்தானே அழைப்பதற்குரியது. வெளியார் அதன்வழி உட்புக இயலாது.

பின்னர், போஸ்ட்பிக்ஸின் போக்குவரத்து அட்டவணையில், பழைய பெட்டியுடைய ஒவ்வொருவரின் முகவரிக்கும் எதிரே smtp:[127.0.0.1]:2525 என எழுதுதல் வேண்டும். அச்சதுர அடைப்புக்குறி வெறும் அலங்காரமன்று. பெயர்ப் பதிவேட்டில் அஞ்சல் வழியைத் தேடாமல், குறித்த இடத்திலேயே கொடு என்பது அதன் பொருள்.

இனி எதிர்த்திசையைக் கவனிப்போம். பழைய பெட்டியுடையவர் புதிய பெட்டியுடையவர்க்கு எழுதினால், எக்சிம் அப்பெயரைத் தன்னிடத்திற் காணாது. அவ்வாறானவற்றைப் போஸ்ட்பிக்ஸிடம் ஒப்படைக்குமாறு அதற்குக் கட்டளையிடுகிறோம். இங்கேதான் அபாயம் ஒளிந்துள்ளது. போஸ்ட்பிக்ஸும் தனக்குத் தெரியாத பெயரை எக்சிமிடம் தள்ளுமாயின், இல்லாத ஒருவர்க்கு எழுதிய கடிதம் இருவர் கையிலும் பந்துபோல் அலைக்கழியும். ஒவ்வொரு முறையும் கடிதத்தின் தலையில் ஒரு முத்திரைவரி ஏறும். வேறு கட்டளை இல்லாவிடின் போஸ்ட்பிக்ஸ் 50 வரிகளுக்கு மேற் பொறுக்காது, திருப்பிவிடும். ஆதலால் முழுப் பெயர்ப்பட்டியலும் ஒரு சேவையகத்திடமே இருத்தல் வேண்டும். பட்டியலில் இல்லாதவர் பெயருக்கு வரும் கடிதத்தை அது வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். முதலில் ஏற்றுப் பின்னர் திருப்புவது தகாது. அனுப்புநரின் பெயர் பொய்யாயின், திரும்பும் கடிதம் ஏதுமறியாத வேறொருவரின் பெட்டியை நிரப்பும்.

பெட்டியை மாற்றும் வேளையே யாவற்றிலும் நுட்பமானது. எக்சிமிலிருந்து பெயரை நீக்கிவிட்டு அட்டவணை வரியை மறந்தால், மேற்கூறிய சுழல் உண்டாகும். வரியை நீக்கிவிட்டு எக்சிமிலுள்ள பெட்டியை மறந்தாலோ, எக்சிமைப் பயன்படுத்தும் சகபாடிகள் அவர்க்கு எழுதுவதெல்லாம் எவரும் திறவாத பழைய பெட்டியில் விழும். என் எண்ணத்தில் இரண்டாவதே கொடியது. சுழலும் கடிதம் இறுதியில் எழுதியவரிடம் திரும்பும். கைவிடப்பட்ட பெட்டியில் விழுந்ததோ, சேர்ந்துவிட்டது என்னும் பொய்ந்நம்பிக்கையையன்றி எதனையும் தருவதில்லை. எக்சிமைச் சற்றே நிறுத்தி, பெட்டியைப் பெயர்த்து, இரு மாற்றங்களையும் ஒருங்கே செய்து, மீண்டும் இயக்குவதே தக்க வழி. அதுவரை கடிதங்கள் போஸ்ட்பிக்ஸின் வரிசையிற் காத்திருக்கும்; வேறு கட்டளை இல்லாவிடின் 5 நாள் வரை காத்திருக்க அது ஆயத்தமாயுள்ளது.

இன்னொன்றும் உண்டு. எக்சிமின் கண்ணுக்கு, முன்வாயில் வழியாக வரும் கடிதம் யாவும் 127.0.0.1 இலிருந்து, அதாவது வீட்டாரிடமிருந்தே வந்ததாகத் தோன்றும். அந்நியர் அனுப்பும் குப்பைக் கடிதத்தையும் அது உறவினர் கடிதமென நம்பும். எனவே அனுப்பும் கணினியின் முகவரியைக் கொண்டு செய்யும் சோதனைகளை எல்லாம் போஸ்ட்பிக்ஸின் வாயிலிலேயே முடித்துவிடல் வேண்டும்.

ஒழுங்குகள் முடிந்ததும், புதியவர்க்கு ஒன்று, பழையவர்க்கு ஒன்று, பழையவரிடமிருந்து புதியவர்க்கு ஒன்று, இல்லாதவர்க்கு ஒன்று என நான்கு கடிதங்களை அனுப்பி, சேர்ந்தவற்றின் முத்திரைவரிகளை வாசித்துப் பாருங்கள். இரு சேவையகங்களுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டியிருந்தால், கடிதம் எங்கெங்கு தங்கிச் சென்றது என்பதை அவ்வரிகளே சொல்லிவிடும். நான்காவது கடிதம் மட்டும் வாசலிலேயே மறுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.