கடைசி வேலையிலிருந்து தொடங்குங்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களின் உள்ளத்தில் ஓயாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: "நமக்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார்?" அதற்கான விடையின் ஒரு பகுதி நம் அடுப்படியில் இருக்கிறது.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. 1943ஆம் ஆண்டிலேயே லியோ கானர் என்ற மருத்துவர் இதனை விரிவாக எழுதினார். ஆயினும் ஷைத்தானின் தீண்டலென்று எண்ணித் தாயத்துக்கும் தகட்டுக்கும் பணத்தைக் கொட்டுவோர் இன்றும் உள்ளனர். பிள்ளை கற்க வேண்டிய காலமன்றோ அதில் கரைகிறது!

தஞ்சைப் பகுதியில் தந்தையர் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தாயே தனித்துச் சுமக்கிறாள். கற்றுக்கொடுப்பதைவிடத் தானே செய்துவிட்டால் வேலை விரைவில் முடிகிறது. அதனால் வளர்ந்த மகனுக்கும் சோறு ஊட்டப்படுகிறது.

அரிசி களைவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. அப்பிள்ளைக்கோ பல வேலைகள். படியை எடுக்க வேண்டும், அளந்து தலைதட்ட வேண்டும், பாத்திரத்தில் கொட்ட வேண்டும், நீர் ஊற்றி அலச வேண்டும், கழுநீரை வடிக்க வேண்டும், பின்னர் குக்கரில் இட வேண்டும். முதலில் அனைத்தையும் நீங்களே செய்யுங்கள். அடுப்பில் ஏற்றாத குக்கரில் அரிசியை இடுவதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். வேலையை முடித்த நிறைவு அவனுக்குரியதாகும். அது கைவந்தபின் வடிப்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இப்படியே பின்னிருந்து முன்னோக்கி வாருங்கள். தொடக்கத்தில் அவன் கைமேல் உங்கள் கை இருக்கட்டும். நாள் செல்லச் செல்ல அதனை விலக்கிக்கொள்ளுங்கள்.

நீண்ட பேச்சு வேண்டாம். "அலசு" என்ற ஒரு சொல் போதும். படி, பாத்திரம், குழாய் ஆகியவற்றின் படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டால் அது பிடிவாதமன்று. அவ்வொலி அவனை வருத்துகிறது. வரிசை மாறாத ஒளூவையும் இம்முறையிலேயே பழக்கலாம்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்த இத்தகையோருக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்க ஆட்சியரை உள்ளடக்கிய மாவட்டக் குழுவிடம் மனுச் செய்யலாம். பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதை அக்குழு ஆராயும். தானே செய்யத் தெரிந்தவை பெருகப் பெருக, பிறர் கைக்குச் செல்லும் காரியங்கள் குறையும்.

பிள்ளை எத்தனை படி அளக்கிறான், எந்தச் சொல்லுக்கு அசைகிறான், எவ்வொலிக்கு அஞ்சுகிறான் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை பொறுப்பேற்கும் அண்ணனோ அக்காவோ அதே சொல்லைச் சொல்ல வேண்டுமே!