காலை எடுத்தால் நிற்கிற சத்தம்

வழக்கமான வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும். அந்த நாட்களில் திருச்சிக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிப்போகும் பிக்கப் வண்டிகள், கோயிலுக்கு வரும் வேன்களுக்கும் கார்களுக்கும் நடுவே சிக்கி ஊர்ந்துதான் நகர முடியும். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பிரேக், மறுபடியும் ஹாஃப் கிளட்ச். நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஒரே கியரில் ஓடுவதைவிட இந்த அரைக் கிலோமீட்டர் ஊர்வதுதான் கிளட்ச்சைத் தின்கிறது. அப்படித் தேய்ந்த கிளட்ச் ஒருநாள் குரல் கொடுக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் வருகிற பதில், “கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்” என்பது. இதை நான் ஏற்கமாட்டேன். இறக்குவதற்குக் கூலி உண்டு, அன்றைய லோடும் போய்விடும். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே காதாலும் காலாலும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். கிளட்ச் பெடலை அழுத்தினால் உள்ளே சில பாகங்கள் சுற்றுவதை நிறுத்தும். வேறு சில அப்போதுதான் பாரம் தாங்கிச் சுற்றத் தொடங்கும். சத்தம் எந்தப் பாகத்தோடு பிறந்து எந்தப் பாகத்தோடு அடங்குகிறது என்று பார்த்தால் போதும்.

எஞ்சினின் கடைசியில் ஃப்ளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட். பெடலில் கால் இல்லாதபோது மூன்றும் ஒன்றாகச் சுற்றும். வண்டி நியூட்ரலில் நின்றாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் அதோடு கோத்த பற்சக்கரங்களும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் ஃபோர்க் என்ற நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளும். அது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை அழுத்தும், பிளேட் விடுபடும், இன்புட் ஷாஃப்ட் நின்றுபோகும்.

சோதனையைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் எஞ்சினை ஐடிலிங்கில் விடுங்கள். பெடலைத் தொடாதபோது கரகரவென்று கேட்டு, முழுக்க மிதித்ததும் அடங்கினால் கோளாறு கியர்பாக்ஸுக்குள்: இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது அதற்கு இணையாக ஓடும் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங். இதற்குப் புது கிளட்ச் செட் போட்டுப் பயனில்லை. மாறாக, பெடலில் கால் பதிந்த உடனே ‘கீ’ என்று கிளம்பி, அழுத்த அழுத்தக் கூடினால் அது ரிலீஸ் பேரிங். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் இந்த பேரிங் எப்போதும் விரல்களை லேசாகத் தொட்டுக்கொண்டே சுற்றுவதால் சத்தம் முற்றிலும் நிற்காது, குரல்தான் மாறும். பெடல் முக்கால்வாசி இறங்கி, பிளேட் விடுபட்ட பிறகே சத்தம் தொடங்கினால் ஃப்ளைவீல் பக்கத்துப் பைலட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சுற்ற, இன்புட் ஷாஃப்ட் நிற்க, இரண்டுக்கும் வேக வித்தியாசம் வரும்போதுதான் அதற்கு வேலையே. எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்தாலும் கிறீச்சிட்டால் பெடல் புஷ், கேபிள், ஃபோர்க் இவற்றில் ஏதோ ஒன்று காய்ந்திருக்கிறது. இவற்றில் பெடல் புஷ்ஷும் கேபிளும் வெளியிலேயே கைக்கு எட்டும். முதலில் அவற்றைப் பார்ப்பதுதான் நியாயம்.

ஏமாற்றுகிற சத்தம் ஒன்றும் உண்டு. ஐடிலிங்கில் கடகடவென்று அடித்து, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும் மறைந்துவிடும். டீசல் எஞ்சின் சீராகச் சுற்றுவதில்லை, ஒவ்வொரு எரிப்பிலும் ஒரு உதை கொடுத்துத்தான் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் பொலிரோ பிக்கப்பில் 1,600 எரிப்பு; 2011-இல் அசோக் லேலண்ட் கொண்டுவந்த மூன்று சிலிண்டர் தோஸ்த்தில் 1,200; 2005-இல் வந்த இரண்டு சிலிண்டர் டாடா ஏஸில், நம் ஊர் குட்டியானையில், 800 மட்டுமே. உதைகளுக்கு நடுவே இடைவெளி கூடக்கூட அதிர்வு முரடாகும். அதை வாங்கிக்கொள்ளத்தான் கிளட்ச் பிளேட்டின் நடுவில் சிறு சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அவை தளர்ந்தாலோ உடைந்தாலோ பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். ஐடிலிங் வேகம் இறங்கிப்போனாலும் இதே சத்தம் வரும் என்பதால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டுக் கேட்பது நல்லது. பேரிங் சத்தம் இதற்கு நேர் எதிர்: எஞ்சின் வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறும்.

பழைய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை கியர்பாக்ஸ் உறையில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார்கள். இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. உலோகத்தில் ஓடும் ஒலியின் பெரும்பகுதி காற்றுக்குள் இறங்காமல் எல்லையிலேயே திரும்பிவிடும். எஃகுத் தண்டு வழியாக அது நேரே காதுக்கு வந்துவிடுகிறது. 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அங்கேயும் காதுக்கும் மார்புக்கும் நடுவே ஒலிக்கு ஒரு வழி அமைத்ததுதான் விஷயம். ஒன்றைமட்டும் மறக்கக் கூடாது: ஃபேன், பெல்ட் பக்கம் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோகவே கூடாது.

கழற்றி எடுத்த ரிலீஸ் பேரிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல பேரிங் விரலில் சத்தமில்லாமல், லேசான பிடிப்போடு சுற்றும். கெட்டது மணல் அரைபடுவதுபோல நெருடும். பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தொடும் முகம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் பழுப்புப் பொடி. இது முழுக்க மூடிய பேரிங், நாமாகக் கிரீஸ் வைக்க வழியில்லை. ஓட்டுகிற நேரமெல்லாம் பெடலில் பாதம் சாய்ந்திருந்தால் இந்தப் பொடி சீக்கிரமே வந்துவிடும். ஜல்லிக் குவாரிப் பக்கம் லோடு அடிக்கும் வண்டிகளில் கல் தூசியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கிவிட்டால், அப்போது சிக்கனம் பார்ப்பதுதான் பெரிய செலவு. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஃப்ளைவீல் முகத்தில் வெடிப்போ நீலத் திட்டோ தெரிகிறதா, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று நீங்களே குனிந்து பார்க்கலாம். சீல் கசிந்தால் புது பிளேட்டிலும் ஆயில் ஏறி, முதல் கியரில் வண்டி உதறத் தொடங்கும். கழற்றிய பழைய பாகங்களை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.