பாராட்டாங் குகையில் விளக்கு வேண்டாம்

அந்தமானின் பாராட்டாங் தீவில் உள்ள சுண்ணாம்புக் குகைக்கு அலையாத்திக் காட்டின் ஊடே படகில் போய், பிறகு நடக்க வேண்டும். உள்ளே வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டுவார். அவர் நகர்ந்ததும் சுவர் மறுபடி இருண்டுவிடும். குகைக்கு அந்த இருட்டுதான் பாதுகாப்பு.

வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒளிச்சேர்க்கை நடக்காது. அங்கே ஒரு மின்விளக்கை நிலையாகப் பொருத்தினால் நடக்கும். வித்துத்தூளைக் காற்றும் கசியும் நீரும் பயணிகளின் செருப்பும் துணியும் முன்பே உள்ளே சேர்த்திருக்கும். முதலில் நீலப்பச்சைப் பாசி படியும். பிறகு பாசிச்செடி, பெரணி. விளக்கை நம்பி வாழும் இக்கூட்டத்தை ஆய்வாளர்கள் ‘லாம்பன்ஃப்ளோரா’ என்கிறார்கள்.

இவை சுரக்கும் அமிலம் சுண்ணக்கல்லை அரிக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது பல குகைகளில் ஆண்டுக்கு 0.1 மி.மீ. அளவே வளரும். அந்த வேகத்தில் 10 செ.மீ. நீளத்துக்கு 1,000 ஆண்டுகள் ஆகும். பாசியின் மேல் புதிய சுண்ணம் படிந்துவிட்டால் பச்சைக் கறை கல்லுக்குள் அடைபட்டுவிடும். தேய்த்தால் கல்லும் உரியும். பிளீச்சிங் கரைசல் பாசியைக் கொல்லும். இருட்டிலேயே வாழப் பழகிய சிற்றுயிர்களையும் கொல்லும். விளக்கு எரியும்வரை பாசி திரும்ப வரும்.

பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 17,000 ஆண்டுப் பழமையான ஓவியங்கள் அதில் இருந்தன. 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். 1955 வாக்கில் நாளொன்றுக்கு 1,200 பேர் வந்தார்கள். அத்தனை பேரின் மூச்சுக் காற்றும் உடல் வெப்பமும் விளக்கொளியும் சேர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் சுவர்களில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. 1963இல் குகையை மூடினார்கள். 17,000 ஆண்டு நிலைத்தது 15 ஆண்டில் ஆபத்துக்குள்ளானது. மூடியும் முடியவில்லை. 2001இல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கருங்கறைகள் தோன்றின. இன்று பயணிகள் பார்ப்பது நகலை. ஸ்பெயினின் அல்தாமிரா குகையும் 2002இல் மூடப்பட்டது; அங்கும் காரணங்களில் ஒன்று விளக்கடிப் பாசி.

லாஸ்கோ குளிர்ந்த குகை. அந்தமான் வெப்பமண்டலம், ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. பாசிக்குத் தேவையான ஈரமும் வெப்பமும் பாராட்டாங்கில் குறையாமல் இருக்கின்றன. இல்லாதது வெளிச்சம் ஒன்றே.

எல்.இ.டி. விளக்கு வெப்பத்தைக் குறைக்கும். ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்கு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். இரண்டும் பாசியை முற்றிலும் தடுப்பதில்லை. மிகக் குறைந்த ஒளியிலும் பிழைக்கும் நீலப்பச்சைப் பாசிகள் உண்டு.

பாராட்டாங்குக்கு டார்ச் போதும். அந்தக் குகைக்குள் மின்கம்பி போகக் கூடாது.