ரிவெட் அடித்த பிறகும் முடியாத வேலை

1941 மே மாதம். சீனாவின் உள்பகுதியில் சுய்ஃபு என்ற ஊரில் இறங்கியிருந்த டிசி-3 பயணிகள் விமானம் ஒன்றை ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசித் தாக்கின. பயணிகள் தப்பிவிட்டார்கள், விமானத்தின் வலது இறக்கை போய்விட்டது. மாற்ற வேறு டிசி-3 இறக்கை கிடைக்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஹாங்காங்கில் டிசி-2 இறக்கை ஒன்று இருந்தது. அது முந்தைய மாடல், நீளத்தில் சுமார் 5 அடி குறைவு. அதை இன்னொரு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் கட்டி, பறந்தே கொண்டுவந்தார்கள். பொருத்தினார்கள். ஒரு பக்கம் நீளமும் மறுபக்கம் குட்டையுமாக அந்த விமானம் ஹாங்காங் போய்ச் சேர்ந்தது. ‘டிசி-இரண்டரை’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பெரிய பழுதுவேலையின் துணிச்சலுக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் துணிச்சல் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. டிசி-3-இன் வெளி இறக்கைகள், நடுப்பகுதியோடு வரிசையாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. கழற்றி மாட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படாத, தாழப் பறக்கிற விமானம் அது. தகட்டில் ஒரு குறை இருந்தாலும் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற குறையாகவே இருக்கும்.

இந்தியாவிலும் இதற்கு ஈடான கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, அமெரிக்கப் படையின் விமானங்களைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும் பெரிய பணிமனையாக இருந்தது. போர் முடிந்ததும் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி வேண்டுமென்றே சிதைத்துப் போடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின், அந்தக் குவியலிலிருந்து 40-க்கும் மேற்பட்ட விமானங்களை நம்மவர்கள் மீட்டெடுத்தார்கள். பறக்கிற அளவுக்கு அங்கேயே ஒட்டுப் போட்டு, ஒவ்வொன்றாக பெங்களூருக்குப் பறக்கவிட்டு, அங்கே முழுமையாகச் சீர்செய்தார்கள். 1948-இல் தொடங்கி 1968 வரை அவை விமானப்படையில் பறந்தன. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில, அந்த பெங்களூரு கைகள் உயிர்கொடுத்தவை.

அன்றைய கைவேலையில் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருக்கிறது. எந்த ஹேங்கருக்குப் போனாலும் பார்க்கலாம். பழைய தகட்டைக் கழற்ற, ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் வைத்து எடுக்க வேண்டும். தலை விழுந்ததும் தண்டை மெல்லத் தட்டி வெளியேற்ற வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் அடுத்த அளவு ரிவெட்தான். புதுத் தகட்டை வைத்ததும், ரிவெட் அடிக்கும்வரை அது நகராமல் இருக்கத் துளைகளில் கிளிகோ என்ற சிறு பிடிப்பான்களை மாட்டுவார்கள். செம்பு நிறம் என்றால் 1/8 அங்குலம், கறுப்பு என்றால் 5/32. வெளியே ஒருவர் ரிவெட் கன்னோடு நிற்பார். உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அண்டக் கொடுத்திருப்பார். நடுவில் தகடு மறைப்பதால் இருவரும் முகம் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர் கட்டியால் ஒரு தட்டு தட்டினால் ‘இன்னும் அடி’, இரண்டு தட்டினால் ‘சரி’, மூன்று தட்டினால் ‘கெட்டுப்போச்சு, எடுத்துவிடு’. 1940-களின் மெக்கானிக்கை இன்றைய ஹேங்கரில் கொண்டுவந்து விட்டாலும் இந்தப் பேச்சு அவருக்குப் புரியும்.

அப்படியானால் மாறியது என்ன? விமானம் மாறியது; அதோடு பழுதைப் பற்றிய நினைப்பும் மாறியது.

உயரத்தில் பறக்கிற ஜெட் விமானத்தில், பயணிகள் மூச்சுவிட உள்ளே காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். ஏறும்போதெல்லாம் உடல் உப்பும், இறங்கும்போதெல்லாம் தளரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடுமே, அதே களைப்பு இந்தத் தகட்டுக்கும் வரும். 1954-இல் இரண்டு காமெட் விமானங்கள் வானத்திலேயே உடைந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோதுதான் அந்தக் களைப்பின் வேகம் உலகுக்குத் தெரிந்தது. அதன்பின் புது விமானங்களின் வடிவமைப்பு மாறியது. பழுதுபார்த்த இடமும் அதே போலக் களைக்கும் என்பது பணிமனைகளின் மனத்தில் பதிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்குக் கொடுத்த விலை பெரிது.

1978 ஜூன் 2. ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று ஒசாகாவில் இறங்கும்போது வால்பகுதி ஓடுதளத்தில் உரசியது. பின்பக்கத்தில் பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் கிண்ணம் போன்ற தடுப்புச் சுவர் சேதமானது. போயிங் நிறுவனத்தின் குழுவே வந்து, அதன் கீழ்ப்பாதியை வெட்டியெடுத்துப் புதிதாகப் பொருத்தியது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பில் ஓரிடத்தில் ரிவெட் அடிக்கப் போதிய அகலம் இல்லை. அங்கே ஒரே இணைப்புத் தகட்டை நடுவில் வைத்து மூன்று வரிசை ரிவெட்டுகளால் பிணைக்க வேண்டும் என்பது பொறியாளர் வகுத்த திட்டம். பொருத்தியவர்கள் அந்தத் தகட்டை இரண்டு துண்டாக வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே மூன்று வரிசைத் தலைகள். உள்ளேயோ, இரண்டு வரிசை தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கியது.

அது 7 ஆண்டுகள் தாங்கியது. 12,000-க்கும் மேற்பட்ட முறை உப்பித் தளர்ந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுவர் கிழிந்தது. சீறிய காற்று வாலின் பெரும்பகுதியைப் பிய்த்தெறிந்தது. கட்டுப்பாட்டுக்கான நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளும் வற்றிப்போயின. விமானிகள் அரை மணி நேரம் போராடினார்கள். ஒசுதாகா மலைமுகட்டில் 520 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 4 பேர்.

1988-இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் கூரையின் ஒரு பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். குறுகிய பயணங்களாகவே பறந்து 89,000-க்கும் மேற்பட்ட பயணங்களைக் கடந்த உடல் அது; தகடுகள் சேரும் இடத்தில் பல சிறு விரிசல்கள் ஒன்றுசேர்ந்துவிட்டன. ‘கிழட்டு விமானம்’ என்பது தனிப் பிரச்சினை என்று அதன்பின்தான் உலகம் ஒத்துக்கொண்டது.

2002 மே 25 அன்று சைனா ஏர்லைன்ஸின் 747 விமானம் தைவான் நீரிணைக்கு மேலே உடைந்து 225 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடிய புலனாய்வு 1980-க்குப் போய் நின்றது. அந்த ஆண்டு ஹாங்காங்கில் அதே விமானத்தின் வால் தரையில் உரசியிருக்கிறது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல், அதன்மேலேயே ஒட்டுத் தகடு ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒட்டுக்கு அடியில் கீறல் விரிசலாகி, விரிசல் 22 ஆண்டுகள் வளர்ந்திருக்கிறது. மேலிருந்த தகடு அதைத் தாங்கவும் இல்லை, கண்ணில் படவிடவும் இல்லை.

இந்த இரண்டு 747-களிலும் பழுதுபார்த்தவர்கள் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். கையெழுத்தும் ஆயிற்று. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள ஆழமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அன்று பழுது என்பது முடிந்துபோன சம்பவம். இன்று அது விமானத்தின் ஓர் உறுப்பு. அதற்கும் வயது உண்டு.

இன்று ஒட்டுப் போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பதிவு இருக்க வேண்டும்: எங்கே, எந்த உலோகம், எத்தனை வரிசை, யார் அங்கீகரித்த வரைபடம் என்று. பழுதுகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வழக்கமான சோதனையே போதும் என்ற நிரந்தரப் பழுது ஒரு வகை. நிரந்தரம்தான், ஆனால் குறித்த இடைவெளியில் தனியாகச் சோதிக்க வேண்டியது இரண்டாவது வகை. இத்தனை பயணங்களுக்குள் பிரித்து மாற்றியே ஆக வேண்டும் என்பது மூன்றாவது. காற்றழுத்த உடலில் உள்ள பழைய ஒட்டுகளையெல்லாம் தேடி மதிப்பிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2000-இல் வந்தது. 2002-இல் உடைந்த அந்த விமானத்தின் ஒட்டையும் இதற்காக முந்தைய ஆண்டு படம் பிடித்திருந்தார்கள். முழு மதிப்பீடு நடப்பதற்குள் காலம் முந்திக்கொண்டது.

பிரிக்கும் முறையிலும் கவனம் கூடியிருக்கிறது. உடலின் பெரிய தகட்டைக் கழற்றும் முன், விமானத்தை ஜாக்குகளில் ஏற்றி, அடியில் அணைப்புகள் கொடுத்து, பாரத்தையெல்லாம் அவற்றின்மேல் இறக்குகிறார்கள். இல்லாவிட்டால் தகடு விலகியதும் உடல் மெல்லத் திருகும். புதிய தகட்டின் துளைகள் சேராது. முன்பு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சுண்ணக்கோடு போட்டு உடல் நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இப்போது லேசர் கருவி பல புள்ளிகளைக் கண்காணிக்கிறது. ரிவெட் எடுத்த துளைகளின் ஓரத்தில் மின்சுழல் கருவியைச் சுழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடுகிறார்கள்.

2010-இல் எஞ்சின் வெடித்துச் சிங்கப்பூரில் இறங்கிய குவாண்டாஸின் ஏ380 விமானத்தைச் சீர்செய்ய ஒன்றரை ஆண்டுக்கு அருகில் ஆயிற்று. சுமார் 6 கிலோமீட்டர் வயரிங் மாற்றப்பட்டது. வேலை முடிந்தபோது விமானத்தின் எடை 94 கிலோ கூடியிருந்தது. அதுவும் கணக்கில் ஏறியது. 5 அடி குறைந்த இறக்கையோடு பறந்த காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!

கார்பன் இழை விமானங்கள் வந்தபின் ரிவெட்டுக்கே வேலை குறைந்திருக்கிறது. 2013-இல் லண்டன் ஹீத்ரோவில் எத்தியோப்பிய 787 ஒன்றின் பின்கூரை தீயில் கருகியது. அங்கேயே சீர்செய்து அதே ஆண்டு டிசம்பரில் பறக்கவிட்டார்கள். இந்தப் பொருளில் அடிபட்ட இடம் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். அல்ட்ராசவுண்ட் இல்லாமல் நம்ப முடியாது. கருவி புதிது, பாடம் பழையது: மூடிய இடத்தைத் திறந்து பார்.

ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனம், கிழிந்த அந்தத் தடுப்புச் சுவரை 2006-இல் தோக்கியோவில் காட்சிக்கு வைத்தது. தன் ஊழியர்கள் அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக. இதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தியாவில் விமானங்களும் பராமரிப்பு ஹேங்கர்களும் வேகமாகப் பெருகிவருகின்றன. லேசரும் அல்ட்ராசவுண்டும் பணம் கொடுத்தால் வந்துவிடும். வரைபடம் சொன்னபடி தகடு பொருந்தவில்லை என்றால், வெட்டிச் சமாளிக்காமல் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ‘பொறியாளரைக் கேட்காமல் செய்ய மாட்டேன்’ என்று சொல்கிற மெக்கானிக் கடையில் கிடைக்க மாட்டார். விமானம் தாமதமாகிற நாளிலும் அப்படிச் சொன்னவரைக் கடிந்துகொள்ளாத மேலாளர்கள் இருந்தால்தான் அவர் உருவாவார்.