உங்கள் பேச்சு யார் காதில் விழுகிறது?

திருப்பூர் லைன் வீடுகளில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் இங்கே கேட்கும். இங்கே நடக்கும் சண்டை அங்கே கேட்கும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய், ஒன்றரை ஷிப்ட் முடித்து, இரவு எட்டுக்கு மேல் திரும்புகிற ஒரு பவர் டேபிள் டெய்லர், 'ராத்திரி தூக்கமே வர்றதில்லைங்க, எதுலயும் மனசு ஒட்டலை' என்று ஓர் உளவியலாளரிடம் போனில் சொல்ல நினைத்தால், எங்கே உட்கார்ந்து சொல்வார்?

ஆன்லைன் உளவியல் சிகிச்சையைத் தொடங்கும் முன் யோசிக்க வேண்டியவற்றில் முதல் இடத்தை இந்தக் கேள்விக்குத்தான் கொடுப்பேன். இந்த ஊரில் மனம் உடைவதற்கான காரணங்களுக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020இல் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. ஒவ்வொரு முறையும் ஆர்டர் குறைந்தது, ஓவர்டைம் நின்றது, சனிக்கிழமைச் சம்பளம் சுருங்கியது; வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை. நாடு முழுவதுமே நிலைமை மோசம்தான். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. கைப்பேசி வழியே அந்த உதவி வருமென்றால் அதை வரவேற்கத்தான் வேண்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசினால் குணம் தெரியுமா? இது புதிய சோதனை அல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் 1959லேயே இருவழித் தொலைக்காட்சி மூலம் குழு சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். நம் ஊரிலும் முன்னோடி உண்டு. சென்னையின் மனநல அமைப்பான ஸ்கார்ஃப் 2010 வாக்கில் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. கிராமத்து நோயாளி அந்தப் பேருந்துக்குள் ஏறி உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரிடம் திரைவழியே பேசினார். மாத்திரையை அதே பேருந்திலேயே வாங்கிக்கொண்டார். அந்த ஏற்பாட்டில் நான் வியப்பது தொழில்நுட்பத்தை அல்ல. பேசுவதற்கென்று ஓர் அறையை நோயாளியின் ஊருக்கே ஓட்டிக்கொண்டு போனார்களே, அதைத்தான்.

ஆய்வு முடிவுகளும் நம்பிக்கை தருகின்றன. சுவீடனின் பெர் கார்ல்பிரிங்கும் சக ஆய்வாளர்களும் 2018இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை இணையம் வழியே கொடுத்தபோது, நேரில் கொடுத்ததற்குச் சமமான பலன் தெரிந்தது. வீடியோவழி சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்ட இன்னொரு தொகுப்பாய்வு, சிகிச்சையாளருடனான நெருக்கம் சற்றுக் குறைகிறது, ஆனால் நோயின் அறிகுறிகள் குறைவதில் பின்னடைவு இல்லை என்றது. இவை பெரும்பாலும் லேசான, நடுத்தர பாதிப்பு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகள். தானாக ஓடும் செயலியைவிட, ஒரு மனிதர் கூடவே வழிநடத்தும் சிகிச்சைதான் நன்றாக வேலை செய்கிறது என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை.

அந்த மனிதர் யார்? திருப்பூரில் ஓவர்லாக் ஓட்டத் தெரியும் என்று ஒருவர் சொன்னவுடன் மெஷினில் உட்கார வைத்துவிட மாட்டார்கள். ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்வார்கள். மனதை ஒப்படைக்கும் இடத்தில் அந்த அளவுக்காவது விசாரிக்கலாம், தப்பே இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 'கவுன்சலர்' என்ற பெயருக்குப் பின்னால் முதுகலைப் பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவரும் இருக்கிறார், சில வாரச் சான்றிதழ் வாங்கியவரும் இருக்கிறார். என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள், என்னைப் போன்ற பிரச்சினை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். நல்ல உளவியலாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரால் மாத்திரை எழுதித் தர முடியாது. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

முதல் அமர்வில் அவர் உங்களிடம் கேட்கும் சில கேள்விகள் சங்கடமாக இருக்கும். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஆர்வம் எப்படி இருந்தன என்று கேட்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உலகமெங்கும் பயன்படுகிறது. அதன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. மறைக்காமல் சொல்லுங்கள், குற்றமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் கடும் மன அழுத்தத்தின் விளைவாகத்தான் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பார்க்கிறது. இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்றும் கேட்பார். துருவுகிறாரே என்று நினைக்க வேண்டாம். நடுவில் நிலைமை கைமீறினால், எங்கோ உட்கார்ந்திருக்கும் அவருக்கு உங்களைக் காப்பாற்ற அந்த முகவரி ஒன்றுதான் வழி.

சொல்வதை ரகசியமாக வைத்திருப்பார் என்பதும் அதே சட்டம் தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கம்பெனியே ஏற்பாடு செய்த உளவியலாளர் என்றால், மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் என்ன போகும் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். செயலிகளிடமும் இந்த எச்சரிக்கை வேண்டும். ஆன்லைன் சிகிச்சை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனாளர்களின் விவரங்களை ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. காதில் குரல் கேட்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள் நேரில் சிகிச்சை பெற வேண்டும். நெடுநாள் குடியைத் திடீரென்று நிறுத்துபவருக்கு வலிப்பு வரலாம், அவருக்கு ஆஸ்பத்திரிதான் சரி. அடிக்கிற கணவன் அதே அறையில் இருக்கும்போது ஒரு பெண் மனம்விட்டுப் பேசுவது அவள் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட பெண்கள், 'சரிங்கக்கா, பிளவுஸ் நாளைக்குத் தைச்சுத் தர்றேன்' என்பது போல ஒரு சாதாரண வாக்கியத்தை உளவியலாளரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். அதைச் சொன்னால் ஆள் வந்துவிட்டார், பேச்சை நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

தனியார் தளங்களில் ஓர் அமர்வுக்கான கட்டணம் இங்கே பலருக்கு இரண்டு மூன்று ஷிப்ட் கூலி. அதனால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ முதலில் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவச சேவை 24 மணி நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. தமிழோடு இந்தி, வங்காளம், ஒடியா மொழிகளிலும் இச்சேவை இருப்பது, இந்த ஊரின் நிட்டிங், செக்கிங் வேலைகளைத் தாங்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குப் பெரிய விஷயம். வாராவாரம் ஒரே ஆளிடம் தொடர்ந்து பேசும் நீண்ட சிகிச்சைக்கு இது மாற்று அல்ல. ஆனால் முதல் வாசல் இது, அடுத்து எங்கே போவது என்று வழியும் சொல்வார்கள்.

மறுபடியும் இடம்தான் இடிக்கிறது. சிலர் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய், கேமராவை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிப் பேசலாம். குரல் மட்டும் போதுமா என்று உளவியலாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். விடுதியில் தங்கியிருக்கும் பெண்களுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறையை வாரத்தில் சில மணி நேரம், யார் எதற்காக வருகிறார்கள் என்று எழுதி வைக்காமல், தாழ்ப்பாளோடு தொழிலாளர்களுக்குத் திறந்துவிட ஏற்றுமதி நிறுவனங்களால் முடியும். பையர் ஆடிட்டுக்காகச் சுவரெல்லாம் போர்டு மாட்டுகிறவர்களுக்கு இது பெரிய செலவு அல்ல. சின்ன யூனிட்டுகள் நாலைந்து சேர்ந்து பொதுவாக ஓர் அறை எடுக்கலாம். எடுத்தால், லைன் சூப்பர்வைசர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.