ரிவர்ஸ் சென்சார் சும்மா கத்துதா?

மழை பெஞ்ச மறுநாள் ரிவர்ஸ் போட்டா, பின்னாடி எதுவுமே இல்லாம பீப் கத்துதா? உடனே சென்சாரை மாத்தாதீங்க. அது அனுப்புறது நம்ம காதுக்குக் கேட்காத அல்ட்ராசோனிக் ஒலி. 1 மீட்டர் தள்ளி இருக்கிற சுவரில் பட்டு, சுமார் 6 மில்லிசெகண்டில் திரும்பும். சென்சார் முகத்துல சேறோ தண்ணித் துளியோ ஒட்டியிருந்தா கணக்கு தப்பும். முதல்ல ஈரத்துணியால துடைச்சு, காய விடுங்க.

சரியாகலையா? ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷனை மட்டும் ஆன் செஞ்சு, ரிவர்ஸ் கியர் போடுங்க. ஒவ்வொரு சென்சார்லயும் விரல் வைங்க. லேசா 'டிக் டிக்'னு துடிக்கணும். துடிக்காததைப் பக்கத்து சென்சாரோட இடம் மாத்திப் பாருங்க. பிரச்சினையும் கூடவே நகர்ந்தா சென்சார் போச்சு. அதே இடத்துல நின்னா வயரிங் பக்கம் தேடுங்க.

எல்லாம் சரியா இருந்தாலும், பம்பருக்குக் கீழ குனிஞ்சு விளையாடுற குழந்தை அதுக்குத் தெரியாம போகலாம். ஒரு தடவை பின்னாடி போய்ப் பாத்துட்டு எடுங்க.